பிரிக்காத கட்டு

டைலர் கத்தரியை எடுத்துவிட்டான். தைக்க வந்த துணிக் கட்டைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் இன்னும் கூட்டி முடிக்கவில்லை.

காலர் பனியன், இருபதாயிரம் பீஸ். பீஸுக்கு இருபத்தாறு ரூபாய் தையல் ரேட்.

"உன்ற கணக்குப்படியே பேசி முடிச்சுட்டேன் அம்மிணி" என்று சீட்டை அவள் கையில் திணித்துவிட்டு, கணவர் சாமி படத்துக்குச் சூடம் காட்டப் போயிருந்தார்.

அவளுடைய கணக்குதான்.

ஷெட் வாடகையும் மெஷின் தவணையும் தைத்தாலும் போகும், தைக்காவிட்டாலும் போகும். அவற்றை அடித்துவிடுங்கள். ஒரு பீஸ் தைக்க என்ன ஆகிறது என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் நின்றாலும் வாடகைக்கு ஆகும். போன வாரம் அவள்தான் சொன்னாள்.

சீட்டில் அப்படியே எழுதியிருந்தார். கூலி பதினெட்டு. நூல் இரண்டு. அயர்ன், பேக்கிங் நான்கு.

இருபத்து நான்கு.

காஜா பட்டன் எங்கே?

மேலே இருந்தது. வாடகைக்கும் தவணைக்கும் பக்கத்தில், அவற்றோடு சேர்த்து அடிக்கப்பட்டு.

பட்டன் துளை போட்டுப் பட்டன் தைப்பது, வெளியே கொடுத்து வாங்கும் வேலை. மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுப்பதால் அவருக்கு அதுவும் வாடகை மாதிரி. காஜாக்காரர் பீஸுக்கு மூன்று ரூபாய் போடுவதை மனிதர் மறந்தே போனார்.

இருபத்தேழு.

தைக்கத் தைக்க நட்டம்.

பிரிக்காத கட்டைத் திருப்பி அனுப்பலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிரித்துவிட்டால் தைத்தே தீர வேண்டும்.

எட்டு டைலர்கள் நின்றார்கள். இரண்டு மாதம் வேலையில்லாமல் வேறு இடம் போனவர்கள். காலையில் கணவரே வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்திருந்தார். இப்போது சூடம் காட்டிவிட்டு வந்து, அவர்கள் தோளில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அவர் தாங்கமாட்டார்.

கத்தரி கயிற்றுக்குள் நுழைந்தது.

அவள் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

விளக்கு அணைந்தது. விசிறி நின்றது.

"கரண்டு போயிருச்சு. டீ குடிச்சுட்டு வந்து பிரிச்சுக்கலாம், போங்க."

கத்தரியைக் கட்டின் மேலேயே வைத்துவிட்டு எல்லாரும் வெளியேறினார்கள்.

அவர் சிரிப்பு மாறாமல் இ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டார்.

பக்கத்துக் கம்பெனியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் மெல்லப் போனைக் காதிலிருந்து எடுத்தார்.