ஈரம் போகாத அறை

"நாலாவது வாட்டி வர்றீங்க தம்பி! ஏசி ஓடிக்கினேதான் இருக்குது. உள்ள போனா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு… இன்னா பேஜாரு இது?"

பெரியநாயகம் போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. டீ வடிகட்டிக்கொண்டிருந்த செபஸ்தியம்மாளுக்கு மெக்கானிக் வளனை நினைத்தால் பாவமாக இருந்தது. ஒலக்கூரிலிருந்து திண்டிவனத்துக்கு ஒரே மாதத்தில் நாலு முறை. அவனும் முகம் சுளிக்காமல்தான் வருகிறான்.

"காத்து ஜில்லுனுதான் வருது சார். கேஸ் கரெக்டா இருக்குது, தண்ணி போற பைப்பும் அடைக்கல. டிரை மோட்லயும் போட்டுப் பாத்தாச்சு. ஈரம் மட்டும் போவ மாட்டேங்குது. ரூமுக்குள்ள துணி எதனா காயப் போடுறீங்களா?"

"அதெல்லாம் யாரும் போடல" என்றார் பெரியநாயகம் வெடுக்கென்று.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் டயானா, "அப்ப இன்னாதான் பண்றது?" என்றாள்.

"ஏசியக் கழட்டிட்டு மீனு வளக்கலாம்ங்க."

டயானா வாய்விட்டுச் சிரித்தாள். டீயோடு வந்த செபஸ்தியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நிச்சயமான கல்யாணம் நின்றுபோன இந்த இரண்டு வருஷத்தில் மகள் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே தட்டை விட்டு எழுந்துபோகிற பெண்!

வளன் கிளம்பினான். டயானா கேட்டுவரை கூடப் போனாள்.

செபஸ்தியம்மாள் அறையைப் பெருக்க நுழைந்தாள். பீரோவுக்குப் பின்னால் துடைப்பம் எதிலோ சிக்கியது. இழுத்தாள். சொட்டச் சொட்ட நனைந்த இரண்டு போர்வைகள்!

அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போர்வைகளை அள்ளிக்கொண்டு கணவரிடம் ஓடினாள்.

"என்னாங்க, உங்க பொண்ணு பண்ற வேலையப் பாத்தீங்களா? அந்தத் தம்பி வரணும்னு இவளே ரூம ஈரமாக்கிக்கினு இருக்கிறா! நீங்க அது தெரியாம அவரப் போட்டுக் கத்துறீங்க. அவளத் திட்டிக்கிட்டிப் புடாதீங்க."

பெரியநாயகம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கேட்டருகே இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மெல்லப் பேசு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றவர், போர்வைகளை வாங்கிப் பக்கெட் தண்ணீரில் முக்கினார். "சர்வீஸுக்கு அவன் மொத வாட்டி வந்தன்னிக்கு நம்ம பொண்ணு லேசா சிரிச்சா. அன்னிலேர்ந்து நான்தான் நனைச்சு வெக்கிறேன்."