நத்தை சொல்லச் சொல்ல

கரிச்சான் குருவி யார் கேட்டாலும் எழுதிக் கொடுக்கும். தேனீக்களுக்கு விளம்பரம், எறும்புச் சங்கத்துக்கு ஆண்டறிக்கை, காட்டுப் பத்திரிகைக்கு மயிலின் பேட்டி என்று எதையும் விட்டதில்லை. அந்தக் கோடையில் மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது.

“என்னிடம் நிரந்தர வேலைக்கு வந்துவிடு. தினமும் என் புகழை எழுதினால் போதும்,” என்றார் காகத் தலைவர்.

கரிச்சான் தலையாட்டப் போனபோது, கீழே ஒரு நத்தை மூச்சு வாங்கியபடி கூப்பிட்டது.

“அக்கா, இந்தத் தோட்டத்தை முழுசாகக் கடந்து வந்திருக்கிறேன். யாருமே நம்பமாட்டேன் என்கிறார்கள். எழுதித் தருவீர்களா?”

கரிச்சான் தரையில் இறங்கி உட்கார்ந்தது. “தோட்டத்தை நான் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எங்கே கிளம்பினாய்? அங்கிருந்து சொல்லு, தம்பி.”

“என்ன முடிவு?” என்று காகம் மேலிருந்து கத்தியது. கரிச்சான் காதில் விழவில்லை. கதையில் நத்தை அப்போதுதான் வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.