அரக்கோணத்துத் தலையாட்டி பொம்மை

நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, என் ஆட்டோவுக்கு மூணு டயரும் ஒரே நேரத்துல பஞ்சராவட்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துக்கோ.

எங்க தெருவுல தில்லையம்மாக்கான்னு ஒருத்தங்க. பட்டுத்தறி நெய்யுற கலியாணசுந்தரம் அண்ணன் சம்சாரம். அம்பத்தெட்டு வயசு. மாசத்துக்கு ஒருவாட்டி புருசன்கிட்ட புளுகிட்டு ரயிலேறிடும்.

"பொண்ணு வூட்டுக்கு, அரக்கோணம் போறேன்"னு சொல்லும். போறது சிதம்பரம். இல்லாங்காட்டி கும்மோணம். தன்னந்தனியா. பழைய கோயிலு, கோட்டை, அரண்மனைன்னு சுத்திட்டு மூணாம் நாளு வந்து எறங்கும்.

ஸ்டேஷனுக்கு இட்டும் போய் இட்டாறது நானு. வூட்டுல கூட நின்னு பொய் சொல்றதும் நானு.

"ஏன்க்கா, அண்ணன்கிட்ட சொல்லிட்டே போயேன்?"

"வாய மூடு சிட்டிபாபு. தெருமுனை கடைக்குப் போனாலே நூறு கேள்வி கேக்குற மனுசன். தெரிஞ்ச அன்னிக்கே என் ரயிலு நின்னுடும்."

எனக்கே மனசுக்குள்ள கோவந்தான். பாவம், அந்தாளு நாளெல்லாம் தறிக்குழியில காலைத் தொங்க வுட்டுக்கினு நெய்யுறாரு, தானே சோறு வடிச்சுத் துன்றாரு. இது இன்னாடான்னா ஊரு பாக்குது.

பங்குனியில தஞ்சாவூரு போய் தலையாட்டி பொம்மை ஒண்ணு வாங்கியாந்துடுச்சு. அண்ணன் அதைத் தட்டித் தட்டிப் பாத்தாரு.

"ஏன்டா சிட்டி, இது அரக்கோணத்துலயா செய்றான்?"

"ஆமாண்ணே. அங்க ரயிலு ஓயாம போவுதில்ல? அந்த அதிர்ச்சியில மண்ணே தானா ஆடும்ணே."

அண்ணன் என்னையே பாத்துக்கினு இன்னொரு தட்டு தட்டுனாரு. பொம்மைதான் தலைய ஆட்டிச்சு.

சித்திரையில பாரதக்கூத்தோட கடைசி நாளு, படுகளம் வந்துச்சு. துரியோதனனை மண்ணால நாப்பதடிக்குப் படுக்க வெச்சு, பீமன் தொடையில அடிச்சு சாகடிப்பான். உடனே அவங்கம்மா காந்தாரி ஒப்பாரி வெச்சுக்கினே ஜனத்தைத் தொடப்பத்தால போடுவா. அடி பட்டா பீடை வுடும்னு, அதுக்கு வரிசையில நிப்பாங்க.

வருசா வருசம் காந்தாரி யாரு? நம்ம கலியாணசுந்தரம் அண்ணன். பொண்டாட்டி பட்டுப்பொடவை, தலை நெறய பூ, மூக்குக்குக் கீழ முறுக்கு மீசை.

அன்னிக்குக் காலையிலதான் அக்கா மதுரையிலர்ந்து வந்து எறங்குது.

"நேரா படுகளத்துக்கு வுடுறா. ஒரு அடி வாங்கிக்கிறேன். பொய் சொன்ன பாவம் போவட்டும்."

வரிசையில நின்னோம். காந்தாரி எங்களைப் பாத்துட்டாரு. ஒப்பாரி தடம் மாறிப் போச்சு.

"உன்னைத் தேடி எங்கெங்க போனேன்டா ராசா! தையில கும்மோணம் போனேனே! மாசியில சிதம்பரம் போனேனே! பங்குனியில தஞ்சாவூரு போய் பொம்மை வாங்கினேனே!"

அக்கா போன ஊரு பேரெல்லாம் வரிசை தப்பாம வருது.

"யோவ், காந்தாரி எப்பய்யா கும்மோணம் போனா?"ன்னாரு முன்னால நின்ன ராஜகோபால்.

"புள்ளைய பறிகுடுத்தவ எங்க வேணா போவா. கம்முனு அழுவுய்யா"ன்னுச்சு பக்கத்துல ஒரு பொம்பள.

அக்கா என் சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. "போச்சுடா சிட்டிபாபு. ஊரு எதுர்ல மானத்தை வாங்கப் போறாரு. இனிமே எனக்கு ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அதோட முறை வந்துச்சு. தொடப்பம் மேல போச்சு. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு.

பட்டுல தூசி தட்டுற மாதிரி ரெண்டே தட்டு.

"அம்மா வரவேயில்லன்னு பொண்ணு ரெண்டு வருசம் முன்னியே சொன்னாளே! தெரிஞ்சாப்ல காட்டிக்கினா நீ போறதை நிறுத்திடுவேன்னு வாயைத் தச்சுக்கினேனே! உன் பையில கெடந்த டிக்கெட்டுல ஊரையெல்லாம் பாத்தேனே! முட்டிவலியோட அன்ரிசர்வ்டுல நின்னுக்கினு போறியேன்னு மனசு ஆறலயே! வைகாசியில ஹம்பி பாக்க லோயர் பெர்த்து போட்டு வெச்சிருக்கேனே, என் ராசாத்தி!"

படுகளமே கேவிக் கேவி அழுவுது. யாருக்கும் ஒண்ணும் வெளங்கல.

அக்கா கண்ணைத் தொறந்துச்சு. மெதுவா கேட்டுச்சு. "ஒரு டிக்கெட்டா... ரெண்டா?"

காந்தாரி மீசையில வழிஞ்ச கண்ணீரைத் தொடைச்சுக்கினு மார்ல அடிச்சாரு பாரு.

"ஒண்ணுதான்டி போட்டேனே! நான் கூட வந்தா வழியெல்லாம் கேள்வி கேட்டே உன் உயிரை எடுப்பேனே!"

அடுத்து நானு. எனக்கு மட்டும் தொடப்பத்தைக் கட்டைப் பக்கமா திருப்பிப் புடிச்சாரு.

வீக்கம் இன்னும் வத்தல. தைலம் வாங்கணும். ஓசியில கதை கேட்டவங்கள்லாம் ஆளுக்குப் பத்து ரூபா எடுங்க. ஏய் பனியனு, எங்க நழுவுற? உனுக்கு இருபது!