நிறுத்தி வைப்பதும் நிறுத்திவிடுவதும்

“என் மனைவிக்கு வலிக்குமா?” என்று அவள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

கேள்வி அவளுடையதல்ல. எதிரே, தொப்பியை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்த பெரியவருடையது. ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் பிழைப்பு அப்படி. அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் பேசும்போது இவளே டாக்டர், புருஷன் பேசும்போது இவளே புருஷன். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தையை விழுங்கவும் கூடாது. தெரிந்தவர்கள் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு வரலாம், அதுவும் மாற்று ஆள் கிடைத்தால். இன்று கிடைக்கவில்லை.

“வலிக்காதுங்க ஐயா. அதுக்கு மருந்து போயிட்டிருக்கு” என்று டாக்டரின் பதிலைச் சொன்னாள். ‘ஐயா’ என்றதும் பெரியவர் வெடுக்கென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்தாள். வாயில் குழாய், குழாயின் மறுமுனையில் மூச்சு விடும் மெஷின். அது மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் அன்று காலைதான் இந்த வார்டுக்கு மாறி வந்தவர். நல்ல மனிதர், அவசரப்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள்.

“மூளைக்குள்ள ரத்தம் ரொம்ப கசிஞ்சிருக்கு. இனிமே கண்ணு முழிப்பாங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை இல்லை. மூச்சு மெஷினை நிறுத்தலாமா, உங்க குடும்பம் என்ன நினைக்குது?”

பெரியவர் சட்டென்று தலையாட்டினார். “தாராளமா நிறுத்துங்க. நேத்தும்தான் நிறுத்தினீங்க, அப்புறம் திரும்பப் போட்டீங்களே. அதுக்கு எதுக்கு என்னைக் கேட்டுக்கிட்டு?”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நேற்று ஃபோனில் மொழிபெயர்த்தவர் வேறு யாரோ. கேஸ் ஷீட்டில் நேற்று டாக்டர்கள் எழுதியிருந்த வார்த்தை ‘பாஸ்’, தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. இன்று இவர் சொன்னது ‘வித்ட்ரா’, அடியோடு எடுத்துவிடுவது. இரண்டும் பெரியவர் காதில் ‘நிறுத்தறோம்’ என்றே போய் விழுந்திருக்கிறது. அதில் ஒன்றைச் சொன்னது இவளேதான்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க விரும்புகிறார்” என்று, தன்னையே யாரோ போல டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கினாள். அதுவும் இந்த வேலையின் கூத்துதான்.

“நேத்து மயக்க மருந்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சாங்க ஐயா, முழிச்சுக்கறாங்களான்னு பார்க்க. இன்னைக்குக் கேக்கறது மூச்சு மெஷினை. இதை நிறுத்தி வெக்கறது இல்லை. நிறுத்திடறது.”

“நிறுத்திட்டா?”

“திரும்பப் போட மாட்டாங்க.”

தொப்பி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“அப்போ... எதையும் தொடாம இப்படியே விட்டுட்டா?” என்றார்.

அதற்கும் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தயாராக இருந்தது, ‘வித்ஹோல்ட்’. அவள் டாக்டரின் குரலாக மாறினாள். “அப்படின்னா இருக்கறதை எடுக்க மாட்டோம். ஆனா இதயம் நின்னுட்டா, புதுசா எதையும் ஆரம்பிக்கவும் மாட்டோம்.”

“எல்லாம் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதானேம்மா. இதுல எதுக்கு இத்தனை பேரு வெச்சிருக்கீங்க?”

அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்த்தாள். டாக்டர் ‘சாரி’ என்றார். அந்த ‘சாரி’யையும் அவள் தமிழாக்கினாள்.

பெரியவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். “என்னால முடியாதும்மா. காபிக்குச் சர்க்கரை போதுமான்னுகூட அவதான் எனக்குச் சொல்லணும். இதை நான் எப்படிச் சொல்லுவேன்? நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்.”

“நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க ஐயா.”

சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. இரண்டு பாஷையை வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பதைவிடக் கையாலாகாத்தனம் வேறு உண்டா? எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இவள் ஓடிவிட்டால் இந்த அறையில் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் போய்ச் சேராது.

டாக்டர் சற்று யோசித்துவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் பேசி முடித்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னார்.

ஒரு வார்த்தையும் விடாமல் அவள் சொன்னாள்.

“இங்கே கொண்டுவந்தப்போ உங்க மனைவிக்கு நினைவு இருந்திருக்கு. அப்போ அவங்க நர்ஸ்கிட்ட சொல்லியிருக்காங்க. ‘அவர் பாவம், தாங்க மாட்டார். முடிவு எடுக்க வேண்டி வந்தா என் பொண்ணு எடுக்கட்டும்’னு. உங்க பொண்ணு எங்கே இருக்காங்க ஐயா? அவங்களை இங்கே வரச் சொல்ல முடியுமா?”

பெரியவர் முகத்திலிருந்து கைகளை எடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர்கிட்ட சொல்லும்மா, ‘நான்தான் அந்தப் பொண்ணு’ன்னு.”