மதுரை போய்த் திரும்பியவர்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் தெய்வசிகாமணி விமானக் கம்பெனி அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு கார்டை விடவில்லை. "வேற கம்பெனிக்கு மாறுங்க சார், பாயிண்ட்டை அள்ளிக் குடுக்கறான்" என்று பழைய ஆபீஸ் நண்பர் போனில் நச்சரித்தார். மாறியும் பார்த்தார். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அவர் வெறும் 'பதினாலு சி' சீட்டு. குடியிருக்கும் அபார்ட்மெண்ட்டிலும் வாட்ச்மேன் முதல் எல்லாருக்கும் 'மூணாவது மாடி சார்'.

வருஷக் கடைசியில் பயணம் குறைந்தது. பறக்காவிட்டால் கார்டு கோல்டிலிருந்து சில்வருக்கு இறங்கிவிடும். சென்னையில் மதுரை விமானத்தில் ஏறினார்.

"வாங்க தெய்வசிகாமணி சார், சௌக்கியமா?" கோல்டு கார்டுக்காரர்களைப் பெயர் சொல்லி வரவேற்பது அந்தக் கம்பெனி வழக்கம். பணிப்பெண் வாசலிலேயே கும்பிட்டாள்.

மதுரையில் இறங்கினார். ஊருக்குள் போகவில்லை. மறுபடி சோதனை முடித்து, சென்னை திரும்பும் அதே விமானத்தில் வந்து ஏறினார். வாசலில் அதே பெண்.

"என்ன சார், இப்பதானே இறங்கினீங்க? யாரையோ பார்க்க வந்தீங்கன்னுல்ல நினைச்சேன். பார்க்க முடியலையா?"

அவர் கார்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"பார்த்துட்டேம்மா."