சும்மா கிடந்த துண்டு

"இன்னொரு தடவை படி. முழுங்காம படி."

வேர்லா நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டிருந்தாள். திரைப் பக்கம் திரும்பவேயில்லை.

"ஐநூத்திப் பத்தொம்பது புள்ளி மூணு," என்றான் ஹெர்விக். "மூணு தடவை பார்த்தாச்சு. அதே முகடு, அதே இடம். போதுமா மகாராணி?"

அன்று லூவன் நகரில் மழை பெய்ததா, இல்லை ஆய்வுக்கூடத்தின் காற்றுக் குழாய்தான் அப்படி இரைந்ததா என்று ஹெர்விக்குக்கு இப்போது நிச்சயமில்லை. பேச்சு மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் எவ்வளவு சரியோ, அவனுக்கே சந்தேகம்தான்.

நுண்ணோக்கிக்கு அடியில், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சிலிக்கான் சில்லு இருந்தது. வியாழக்கிழமை ஒரு பெண்ணின் இடது கண்ணுக்குள் போகவேண்டியது. ஆறு வருடமாக அவளுக்கு வெளிச்சமே தெரியாது. சில்லுக்குள் நெருக்கமோ இழுப்போ இல்லாமல் இருந்தால்தான் அது உடையாது. அதைத் தொடாமல் பார்க்க ராமன் கருவி. லேசரைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளி திரையில் ஒரு முகடாக எழும். சும்மா இருக்கும் சிலிக்கானுக்கு அது ஐந்நூற்றிருபதில் நிற்கும். நெருக்கினால் ஏறும், இழுத்தால் இறங்கும்.

இது இறங்கியிருந்தது.

"அப்போ வேண்டாம்னு எழுதிடு," என்றாள் வேர்லா.

"எவ்வளவு சுலபமா சொல்ற! அடுத்த சில்லு வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கண் நரம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கு. மூணை நான் எட்டுன்னு எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?"

"கண்ணுக்குள்ள போய் உடைஞ்சா தெரியும்."

"ஒரு ஈவு இரக்கம் வேண்டாம்?"

"இரக்கப்பட்டா சில்லு உடையாதா? லேசரைக் குறைச்சுப் பார்த்தியா? சூடானாலும் முகடு இறங்கும்."

"பத்துல ஒரு பங்காக் குறைச்சாச்சு. அதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் உன்கூட இங்க குப்பை கொட்டினேன்?"

ஹெர்விக்கின் காபி ஆறிப்போனது. அவள் யோசிக்கும்போது குறுக்கிடக் கூடாது என்பதை அவன் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தான்.

"இழுப்பறையில உடைஞ்ச சிலிக்கான் துண்டு கிடக்கும்," என்றாள் கடைசியில். "ஒண்ணை எடுத்து லேசருக்குக் கீழ வை."

"குப்பையையா? எதுக்கு?"

"வைப்பா, சொல்றேன்."

வைத்தான். திரையில் முகடு எழுந்தது. ஹெர்விக் திரையை நோக்கிக் குனிந்தான்.

"ஏன் சத்தத்தையே காணோம்?"

"பத்தொம்பது புள்ளி மூணு," என்றான் மெதுவாக.

வேர்லா சிரித்துவிட்டாள். "இழுப்பறையில சும்மா கிடந்த துண்டு. அதை யாருப்பா பிடிச்சு இழுக்கறது?"

அவனுக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. பிசகு சில்லில் இல்லை, கருவியின் அளவிலேயே இருக்கிறது. தினமும் காலையில் ஒரு சிலிக்கான் அளவுத் துண்டை வைத்து, அதன் முகட்டை ஐந்நூற்றிருபது என்று நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

"அளவுத் துண்டை என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஹெர்விக்."

"நுண்ணோக்கி மேடை நகரும்போதெல்லாம் வழுக்கி விழுந்துச்சு. அதான் பித்தளைக் கட்டையில பிசின் போட்டு ஒட்டி, சூளையில வெச்சுக் காயவெச்சேன்."

"சூளையிலயா! அட கடவுளே. ஆறும்போது பித்தளை சுருங்கும். மேல ஒட்டினதையும் சேர்த்து நெருக்கும். நெருக்குப்பட்டதைச் சும்மா இருக்குன்னு வெச்சுக்கிட்டா, நிஜமாவே சும்மா இருக்கிறதெல்லாம் இழுபட்ட மாதிரிதானே காட்டும்!"

அவன் காது மடல் சிவந்தது. உடைந்த துண்டையே அளவாக வைத்துக் கருவியைத் திருத்தினான். பிறகு சில்லை மறுபடியும் வைத்தான்.

"ஐநூத்தி இருபது," என்றான். "வேர்லா, இழுப்பே இல்லை!"

"நாலு மூலையும் பாரு. அப்புறம் குதிக்கலாம்."

நான்கு மூலையும் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"கையெழுத்தை நீ போடு," என்றாள். "நான் போட்டா செல்லாது."

போட்டான். உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான். நடுவில் பேச்சை நிறுத்தி, கையால் தொலைபேசியின் வாயை மறைத்துக்கொண்டு திரும்பினான்.

"நோயாளிக்கு யாரு தகவல் சொல்றதுன்னு கேக்கறாங்க."

"சொல்லியாச்சுன்னு சொல்லு," என்றபடி எழுந்த வேர்லா, மேசையோரத்தைத் தடவித் தன் வெள்ளைக் கோலைத் தேடி எடுத்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஹெர்விக் இன்னும் அதே கருவியில்தான் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் ஒருநாள் அங்கே வந்த வேர்லா, யாரும் சொல்லாமலே, ஜன்னல் இருக்கும் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.