நானூறு அடி

விமானம் தரையை விட்ட ஐந்தாவது நிமிடம் கேப்டன் ராஜரத்தினத்துக்குக் காபி வந்தாக வேண்டும். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரியும்போதே மணியை அழுத்துவார். பணிப்பெண் ஜெசிந்தா இருக்கையை விட்டு எழுந்து காபி கொண்டுவருவாள். துணை விமானியான நான் எதையும் பார்க்காதவன் போல உட்கார்ந்திருப்பேன்.

அன்றும் அழுத்தினார். கட்டுப்பாட்டு அறை எங்களை ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறாமல் நிற்கச் சொல்லியிருந்தது. நின்ற மறுகணம் எச்சரிக்கைக் கருவி கத்தியது: எதிரே விமானம், உடனே இறங்கு. கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார். நானூறு அடி இறங்கினோம். அந்த விமானம் எங்கள் தலைக்கு மேலே கடந்துபோனது. எங்கள் விமானி அறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கூரையில் மோதி, கீழே விழுந்தது.

நூற்றியெழுபது பேர் பிழைத்தோம். திரும்பித் தரையிறங்கியதும் பயணிகள் கைதட்டினார்கள். ஜெசிந்தாவைப் பலகையில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"உயரம் மாறினதுல சிக்கல் இல்ல, கருவி சொல்லித்தான் இறங்கினோம்," என்று கேப்டன் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணு ஏன் எழுந்துச்சுன்னுதான் கேப்பாங்க. தெரியாதுன்னு எழுதுங்க தம்பி."

எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அவரோடு பறந்தேன். ஐந்தாவது நிமிடம் மணியை அழுத்தினார். புதிதாக வந்த பெண் இரண்டு கோப்பைகளோடு நின்றாள்.

"உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவெச்சேன்," என்றார். "சர்க்கரை கம்மிதானே?"

"ஆமா சார்."

பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காபி நல்ல சூடு.